கை சூடாகும் வரை

வினிபெக்கில் ஜனவரி.
பேருந்து நிறுத்தத்திலிருந்து நீதிமன்றப் படிவரை
நாலு நிமிட நடைதான்.
அதற்குள் விரல்கள் யாரோ கொடுத்துவைத்த சாமான் மாதிரி
கையுறைக்குள் கிடக்கும்.

கீழ்த்தளக் கேன்டீனில் மூலை மேசை.
காபியை முதலில் குடிப்பதில்லை, பிடித்துக்கொள்கிறேன்.
பிறகு பழைய பேருந்து அட்டவணைகளைத் திருப்பிப் போட்டு
வெற்றுப் பக்கத்தில்
இரண்டு புள்ளி. இடையே ஒரு கோடு.
தாளைத் தொடாமல் இரண்டு தடவை காற்றில் போய்வந்து
மூன்றாம் தடவை இறங்க வேண்டும்,
தோளிலிருந்து, மணிக்கட்டைப் பூட்டிவைத்து.

முதல் கோடு நடுங்குகிறது.
ஏழாவது, நிற்கவேண்டிய இடம் தாண்டிப் போகிறது
கடைசிப் பேருந்தில் தூங்கிவிட்டவனைப் போல.
இருபதை ஒட்டி ஏதோ ஒன்று
கிளம்பும்போதே போய்ச் சேர்ந்திருக்கும்.
அதை ரசித்துக்கொண்டிருந்தால் அடுத்தது கெடும்.

அப்புறம் நீள்வட்டங்கள்.
ஒட்டிய வாய், லேசாகத் திறந்த வாய்,
பல் மருத்துவரிடம் காட்டும் வாய்.
ஒவ்வொன்றையும் மும்முறை சுற்றி
அதே தடத்தில் ஓட்டப் பார்க்கிறேன்.

"இன்றைக்கும் முட்டையா, சிக்ரூன்?"
காவலர் ரொடேலியோ சுற்றுவரும்போது எட்டிப் பார்ப்பார்.
இன்றைக்கும் முட்டைதான்.
பதினோரு வருடமாக முட்டை வாங்குகிறேன்,
இன்னும் தேறியபாடில்லை.

மேலே, ஐந்தாம் எண் அறைக்குள்
கேமரா போகக் கூடாது. பென்சில் போகலாம்.
அதனால் ஊர் சாயங்காலம் பார்க்கும் முகம்
என் கை சொன்ன முகம்.

ஒரே ஒரு காலை இதெல்லாம் இல்லாமல் போனது.
அப்பாவின் வீட்டை விற்பது பற்றி
அண்ணன் ஜோய் போனில் கத்தினான், நானும் கத்தினேன்.
வந்து சேர்ந்தபோது விசாரணை தொடங்கியிருந்தது.
கையுறையைக் கழற்றிய கையோடு வரைந்தேன்.
கிடங்குக்குத் தீ வைத்ததாக வழக்கு.
பையனுக்கு இருபத்துமூன்று, பெயர் ஓஸ்டாப்,
உதட்டைக் கடித்தபடி மேசையின் ஓரத்தையே பார்த்திருந்தான்.
பென்சில் சரசரவென்று ஓடியது.
நல்ல நாள் என்று நினைத்தேன்.

மறுநாள் நடைபாதையில் ஒரு பெண்
நாளிதழை நாலாக மடித்து நீட்டினாள்.
"தாடை அவனுடையது இல்லை."
குரலில் சண்டை இல்லை.
நகத்தால் அந்தக் கோட்டின் மேல் தேய்த்தாள்,
துணியில் பட்ட கறையைத் தேய்ப்பது போல.
"இது யார்?" என்று கேட்டாள்.

பார்த்தேன்.
அகன்று, முன்தள்ளி, ஒரு சொல்லும் விட்டுக்கொடுக்காமல்
அச்சில் ஏறியிருந்தான்
என் அண்ணன்.

அவளிடம் சொல்லவில்லை.
மன்னிப்பு மாதிரி எதையோ முணுமுணுத்தேன்.
மூன்றாம் நாள் மறுபடி வரைந்தேன், தாடை சரியாக வந்தது.
பத்திரிகை போடவில்லை, அன்று பக்கத்தில் ஹாக்கிக்கே இடம் போதவில்லை.
தீர்ப்பு வந்தபோது நான் வேறு அறையில்
வேறொருவரின் காதை வரைந்துகொண்டிருந்தேன்.

இப்போதும் கோடுகளில் பெரிய முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.
ஆனால் கவனித்திருக்கிறேன்:
முதல் வரிசையில் ஜோய் இருக்கிறான்.
இரண்டாவதில் தண்ணீர்க் குழாய் உறைந்த கவலை,
மூன்றாவதில் இரவு சரியாகத் தூங்காதது.
அழுத்தத்தில் தெரியும், கருமையில் தெரியும்.
ஐந்தாவது வரிசைக்குள் ஒவ்வொருவராக இறங்கிப் போகிறார்கள்.
மிச்சம் வெறும் கோடு,
யார் முகத்துக்கும் போகத் தயாராக.

தாள்களைக் குப்பையில் போட்டுவிடுவேன்.
வெளியே உறைந்த ஆற்றின் மேல்
சறுக்கிப் போகிறவர்கள் கிழித்த கோடுகளை
ராத்திரி விழும் பனி மூடிவிடுகிறது,
காலையில் மறுபடியும் வந்து கிழிக்கிறார்கள்.

ஒன்பது ஐம்பது. பென்சிலைச் சீவிக்கொண்டு
கோப்பையை எடுக்கிறேன்.
அட்டவணைத் தாளில்
காபி ஒரு வட்டம் போட்டிருக்கிறது, ஈரமாக,
இன்றைக்கு நான் போட்ட எதையும்விட உருண்டையாக.
சரி,
அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.